கிரேக்க, ரோமானிய நாணயங்கள் கலைப்படைப்புகள். சோழ, பாண்டியக் காசுகளில் அப்படி என்ன இருக்கிறது?

பழைய கிரேக்க நகரமான சைராக்யூஸின் வெள்ளிக் காசுப் படம் எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் முகம், சுற்றிலும் டால்ஃபின்கள், அச்சு வெட்டிய கிமோன் தன் பெயரையும் அதிலேயே பொறித்திருப்பான். அழகுதான், மறுக்கவில்லை. அதைப் பார்த்த கண்ணோடு ராஜராஜன் காசைப் பார்த்தால், குச்சிகளை ஒட்டவைத்து ஒரு ஆளை நிறுத்தின மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு காசையே கெடுத்தேன்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் பச்சைக் களிம்பு ஏறிய செப்புக் காசு ஒன்று கிடந்தது. விரல் நகம் அளவுதான். பளபளப்பாக்கினால் அழகு வந்துவிடும் என்று புளி போட்டுத் தேய்த்தேன். செம்பு மின்னியது, ஒரு பக்கத்து உருவம் போயே போய்விட்டது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, திட்ட வேண்டாம்.

மறுபக்கத்தில் எழுத்து மிச்சம் இருந்தது. பல வருடம் கழித்து உருப்பெருக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கால எழுத்தில் புள்ளி கிடையாது, கொ, கோ வித்தியாசமும் கிடையாது. ‘சொணாடு கொண்டான’ என்று எழுத்துக் கூட்டி, திடீரென்று பிடிபட்டது: சோணாடு கொண்டான். சோழ நாட்டைப் பிடித்தவன்!

முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் காசு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1216-ல் பட்டத்துக்கு வந்தவன். தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான், சோழர் மண்ணிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டான். அப்புறம் மூன்றாம் குலோத்துங்கன் பணிந்ததும் நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கல்வெட்டில் ‘சோணாடு வழங்கியருளிய’ என்று அதையும் பெருமையாகப் போட்டுக்கொண்டான். கல்லில் இடம் இருக்கிறது, எடுத்ததையும் சொல்லலாம், கொடுத்ததையும் சொல்லலாம். என் காசில் இருப்பது ‘கொண்டான்’ மட்டும். சந்தையில் காசைக் கை மாற்றுகிறவன் காதில் எது விழ வேண்டும் என்று அந்தப் பாண்டியனுக்குத் தெரிந்திருக்கிறது. சீசரைக் குத்திய கத்திகளையே கி.மு. 42-ல் காசில் போட்டான் புரூட்டஸ். அதற்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

அந்தக் குச்சி மனிதனையும் லேசாக எண்ணாதீர்கள். 1070-ல் இலங்கையின் பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்ட சிங்கள மன்னன் விஜயபாகு, தன் காசுக்கும் ராஜராஜன் காசில் இருந்த அதே நிற்கும் அரசன், உட்கார்ந்த அரசன் வடிவத்தைத்தான் வைத்துக்கொண்டான். பெயரை மட்டும் மாற்றினான். விரட்டியவனாலும் அந்த உருவத்தை விட முடியவில்லை. ஜனங்கள் அதைத்தான் காசு என்று நம்பினார்கள் போலிருக்கிறது.

உடனே ‘தமிழ்ப் பெருமை பேச வந்துவிட்டான்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். சைராக்யூஸ் அச்சு வெட்டியவன் கை நம் ஆட்களுக்கு வரவில்லை என்பது எனக்கும் தெரியும். ராஜராஜன் தன் பெயரைத் தமிழில் இல்லை, நாகரி எழுத்தில்தான் பொறித்தான் என்பதும் தெரியும். அழகை ஒரே இடத்தில் தேடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு அலுவலகத்தில் என் அடையாள அட்டையில் பெயரை மூன்று தடவை தப்பாக அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை அப்பா பெயரும் சேர்ந்து போனது. கேட்டால் ‘கணினி அப்படித்தான் எடுக்கிறது சார்’. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன், நகம் அளவு இடத்தில், எழுத்துகளை இடவலம் மாற்றி அச்சில் வெட்டி, பிழையில்லாமல் அடித்திருக்கிறான். எனக்கு வயிறு எரியாதா?

தேய்த்த காசு இப்போது காகித உறையில் இருக்கிறது, மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டிலும் ஏதாவது கிடந்தால் தயவுசெய்து புளிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.