ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

நீங்கள் கேட்டது இதுதான். சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம், கட்டுமானத் தளத்தில் ஸ்டோர் பொறுப்பு. கணக்கெடுத்தபோது 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெறுமானமுள்ள செப்புக் கேபிள் குறைகிறது என்று உங்கள் மேல் பழி. வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். "ராஜினாமா எழுதிக் கொடு, அமைதியாக ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். இல்லையென்றால் போலீஸ், முழுத் தொகையையும் சம்பளத்தில் பிடிப்போம்" என்கிறார்கள். வேலை பர்மிட்டில் வந்தவனுக்கு இங்கே உரிமை என்று ஏதாவது உண்டா, அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான புதுவயலுக்கே திரும்பிவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

உரிமை உண்டு. பெட்டியைக் கட்டாதீர்கள். எதற்கும் முன்னால், அந்த ராஜினாமாக் கடிதத்தைத் தொடாதீர்கள்.

இதை இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், நான் தொட்டவன். 2012இல், வேறொரு நிறுவனத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு என்னை அறைக்குள் கூப்பிட்டார்கள். மேசையில் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. ஏழு வரி. "சொந்தக் காரணங்களுக்காக" விலகுகிறேனாம். அதில் என் இனிஷியல் தப்பாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை வாங்கி, இனிஷியலை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்து, அப்புறம் கீழேயும் கையெழுத்துப் போட்டேன். என்னை வெளியே தள்ளும் கடிதத்துக்கு நானே பிழைதிருத்தம் பார்த்துக் கொடுத்தேன். பத்து நாளில் என் சொந்த ஊரான பள்ளத்தூர். எட்டு மாதம் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் "லீவில் வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

இப்போது உங்கள் விஷயம். சிங்கப்பூரின் வேலைச் சட்டம் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று பிரிப்பதில்லை. வீட்டுப் பணிப்பெண், கடலோடி போன்ற சிலரைத் தவிர எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். தவறு செய்தாய் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்கவேண்டுமானால் முதலில் முறையான விசாரணை நடத்தவேண்டும். குற்றச்சாட்டு என்ன என்று உங்களுக்குத் தெரியவேண்டும், உங்கள் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்கவேண்டும், விசாரிப்பவர் ஒருதலைப்பட்சமானவராக இருக்கக் கூடாது. உங்கள் மேல் புகார் சொன்ன அதே மேற்பார்வையாளரே விசாரணைக்கும் உட்கார்ந்தால், அதை அன்றே எழுதிவையுங்கள்.

விசாரணைக்காக நிறுத்திவைப்பது ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்ட மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். அந்த வாரத்துக்கும் குறைந்தது பாதிச் சம்பளம் உண்டு. குற்றம் இல்லை என்று முடிந்தால் பிடித்துவைத்த மீதியையும் கொடுக்கவேண்டும். "வராதே, சம்பளமும் இல்லை" என்று இரண்டு வாரமாக உட்கார வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல.

3,200 வெள்ளியையும் பிடிப்போம் என்பது வெறும் மிரட்டல். தொலைந்த பொருளுக்குச் சம்பளத்தில் கைவைப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாகவேண்டும். அப்படியே பிடித்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் முடியாது, அதுவும் ஒரே ஒரு தடவைதான். சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தமும் தனித்தனியாகக் காட்டப்படவேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்து வையுங்கள்.

என் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர், மோல்மேனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள் (கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலை ஆள்). மூன்று வருடச் சம்பள ஒப்பந்தம். நாடு திரும்பும்போது பேரேட்டை வரி வரியாக ஒப்புவித்து, வாங்கிக்கொள்கிறவர் கையெழுத்து வைத்த பிறகுதான் சாவியைக் கொடுப்பாராம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்றுதான் அவருடைய பெட்டகத்தை ஒழுங்குபடுத்தினோம். தேதி போடாத துண்டுக் காகிதம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பேரன் தப்பான இனிஷியலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டான் என்று தெரிந்திருந்தால் மனிதர் என்னைத் திண்ணையில்கூட ஏற்றியிருக்க மாட்டார்.

ஆகவே இன்றிரவே ஒரு நோட்டு வாங்குங்கள். ஸ்டோர் சாவி யார் யாரிடம் இருந்தது, எந்தத் தேதியில் எந்த லாரியில் கேபிள் வந்தது, உங்கள் விடுமுறை நாளில் யார் சரக்கு எடுத்துக் கொடுத்தார்கள், இதையெல்லாம் நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவுகளைப் படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கம்பெனி போனில் மட்டும் இருப்பவை நாளைக்கு உங்களிடம் இல்லாமல் போகும். வாயால் சொன்ன மிரட்டலுக்கும் வழி இருக்கிறது. "இன்று காலை ராஜினாமா கொடுக்கச் சொன்னீர்கள், எனக்கு விருப்பம் இல்லை, விசாரணையில் பதில் சொல்லத் தயார்" என்று மிரட்டியவருக்கே பணிவாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம்.

கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமாகவே கருதப்படலாம். ஆனால் கட்டாயம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். கையெழுத்துப் போடாமலிருப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

சட்டம் உங்களுக்கு வேலையைத் திருப்பித் தந்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து, காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து எடுக்க முதலாளிக்கு வழி இருக்கிறது. புத்திசாலி முதலாளி அதைத்தான் செய்வார். ஆனால் அப்படிப் போனால் நோட்டீஸ் காலச் சம்பளம் உண்டு, திருடன் என்ற பேரும் இல்லை. அதற்கும் இப்போது அவர்கள் நீட்டும் காகிதத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நீக்கிவிட்டால், கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். 2012இலும் இந்த ஒரு மாதக் கெடு இருந்தது. எனக்குத் தெரிந்தபோது அது முடிந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. முதலில் போகவேண்டிய இடம் TADM என்று சுருக்கிச் சொல்லும், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) அமைப்பு. அங்கே இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். ஒத்துவரவில்லை என்றால் வேலைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். அங்கே வக்கீல் கிடையாது, உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. ஆங்கிலம் தடுமாறுகிறது என்று கூச்சப்படாதீர்கள், தமிழில் பேசவேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வழி தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், எங்கே போகவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

பர்மிட்டை ரத்து செய்துவிட்டால் உடனே விமானமா என்று பயப்படுகிறீர்கள். புகார் நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை தங்க அனுமதி கேட்கலாம். அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் முதலாளியின் பொறுப்பு. பாஸ்போர்ட்டை அவர்கள் பூட்டி வைத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது குற்றம். போலீஸ் உண்மையாகவே வந்தால் மட்டும் விஷயம் வேறு. நடந்ததைச் சொல்லுங்கள், படித்துப் பார்க்காத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள்.

வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரைஸ்மில்லில் நிற்கிற அப்பாவுக்கு எதற்கு இந்தக் கவலை என்று நினைக்கிறீர்கள். ஏஜெண்டிடம் பேசி "அட்ஜஸ்ட்" செய்யப் பணம் திரட்ட வேண்டும் என்று அவருக்கு யாராவது போன் செய்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் போன் முதலில் அம்மாவுக்குப் போனது. ஒரு ஜோடி வளையல் போயிற்று.

நான் இன்னும் ஒன்பது நாள் பள்ளத்தூரில் இருப்பேன், பிறகு அங்கே வருகிறேன். பதிலில் எந்தத் தேதியிலிருந்து நிறுத்திவைத்தார்கள், கையில் என்ன காகிதம் கொடுத்தார்கள் என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். கெடுவை நாள் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.