வாசகர் கேள்வி – பதில்: தவக்காலச் செபமும் இளகாத மனசும்

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் தினமும் செபமாலை, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, ஒன்றும் விடுவதில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் இரக்கத்துக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. நல்லா இருந்த காலத்தில் எங்களைப் படுத்திய பாடு அப்படி. என் செபத்தில் என்ன குறை?
– வாசகி, குளச்சல்

பதில்: வேகம் காரணமாக இருக்கலாம். சிலுவைப்பாதையில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் 14 நிலைகளையும் இருபது நிமிடத்தில் முடித்தால் முழந்தாளிட்டு எழவே நேரம் சரியாகிவிடும். கோவிலில் அது நம் கையில் இல்லை. வீட்டில் ஒரே ஒரு நிலையை எடுத்து, கால் மணி நேரம் அதிலேயே இருங்கள்.

உங்களுக்கு 5-ஆம் நிலை பொருந்தும். இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவிய சீரேன் ஊர் சீமோன் தானாக முன்வந்தவர் அல்ல. வழியில் வந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள் (மாற்கு 15:21). அந்த விவிலியப் பகுதியை இரண்டு முறை மெதுவாக வாசியுங்கள். பிறகு, “ஆண்டவரே, அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை” என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திருப்பாடல்களில் இதைவிடக் காரமான பேச்செல்லாம் உண்டு. அடுத்து, அவருடைய ஒரு நாளை மட்டும் நினைத்துப் பாருங்கள்: காலையில் கஞ்சி யார் கொடுப்பது, கழிப்பறைக்கு யார் தாங்கிக் கூட்டிப் போவது?

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். “அவர் திருந்த வேண்டும்” என்று மன்றாடத் தொடங்கினால் நீதிபதி நாற்காலியில் ஏறிவிடுவோம். லூக்கா 18-இல் வரும் உவமையில், தன்னையே நேர்மையாளராக எண்ணிய பரிசேயரும் ‘நான் இந்த வரிதண்டுபவரைப் போல் இல்லை’ என்று அவரைத் தன் செபத்தில் சேர்த்துத்தான் பேசினார்! “அவருக்கு இன்று என்ன தேவை?” என்று மட்டும் கேளுங்கள். மருந்துச் சீட்டை வாங்கிப் போய் மாத்திரை எடுத்துக் கொடுப்பது போல, மறுநாளுக்குள் முடிகிற ஒரு வேலையோடு எழுந்திருங்கள். எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் ‘ரஹமீம்’, கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர் கொண்டது. ‘பெத்த வயிறு’ என்று நாம் சொல்வதும் அதைத்தானே? முதல் வாரத்திலேயே மனசு இளகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், பிறருக்காகப் பெயர் சொல்லி மன்றாடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நோய், தேர்வு, பயணம் என்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம். குடி, கடன், குடும்பச் சண்டைக்குப் பெயர் வேண்டவே வேண்டாம். “இன்னாருடைய மாப்பிள்ளை குடியை விடணும்” என்று ஒருவர் சொன்னால், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” முடியுமுன் தெருவுக்கே செய்தி போய்விடும். செபத்தின் பெயரில் நடக்கும் புறணி அது. பெயர்களை அவரவர் மனதுக்குள் சொல்ல அரை நிமிடம் மௌனம் விடுங்கள். அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது பாட்டை எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: தவக்கால வெள்ளிக்கிழமை இறைச்சிக்குப் பதில் நெய்மீன் (வஞ்சிரம்) குழம்பு வைத்தால், அது ஒறுத்தல் (தவமாக ஒன்றை விட்டுக்கொடுப்பது) ஆகுமா?
– வாசகி, முட்டம்

பதில்: சட்டப்படி தவறில்லை. 14 வயது நிறைந்தவர்களுக்கு விலக்கப்பட்டது இறைச்சிதான், மீன் அல்ல. ஆனால் விலை கூடிய நெய்மீனை ஒறுத்தல் என்றால் கறிக்கடைக்காரரே சிரிப்பார். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளையும் (மத்தி மீன்) போதுமே! மிச்சமாகும் பணத்தை, செபத்தில் யாரை நினைத்தீர்களோ அவருக்கென்று அன்றே தனியாக எடுத்து வையுங்கள். ஞாயிறு வரை அடுக்களை டப்பாவில் கிடந்தால் அது பால்காரருக்குப் போய்விடும்.