நீர் வழியும் கண்ணுக்குப் புரை ஆபரேஷன் செய்ய மாட்டார்களா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. இரண்டு வருடமாக இடது கண்ணில் நீர் வழிகிறது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் நாலு நாள் நிற்கும், விட்டால் மறுபடியும் வரும். கண் முகாமில் புரை என்றார்கள். ஆனால் மூக்கோரம் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ‘முதலில் இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ஏன் இப்படி?

- வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மாவைத் தேற்றுங்கள். அந்த டாக்டர் அவர் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறார்.

கண்ணீர் இமையோரத் துளைகள் வழியே கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்க வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் பையில் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். அவர்களுக்கு எலும்புக்குள் அந்த வழி குறுகலாக இருப்பதும் ஒரு காரணம். பையை அழுத்தினால் சீழ் துளை வழியே கண்ணுக்குள் எதுக்களித்து வரும். முகாமில் பார்த்தது இதைத்தான். இந்த நிலையில் புரை ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள் புகுந்து பார்வையே போய்விடலாம்.

அடுத்து, மழுங்கிய முனையுள்ள மெல்லிய ஊசியால் கீழிமைத் துளையில் உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள். வழி திறந்திருந்தால், ‘தொண்டையில் கரிக்குது டாக்டர்’ என்பார்கள். அடைத்திருந்தால் செலுத்திய நீர் சளியோடு மேலிமைத் துளை வழியே திரும்பி வழியும்.

சொட்டு மருந்து சீழைக் குறைக்கும், அடைப்பைத் திறக்காது. டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தம் ஏறும், அது இன்னொரு வம்பு.

தீர்வு, டி.சி.ஆர். ஆபரேஷன். பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பில் துளையிட்டுப் புது வழி அமைப்பார்கள். இத்தாலியின் டோட்டி 1904இல் சொன்ன முறைதான் இன்றும் அடிப்படை. மூக்கோரம் சிறு கீறல் போட்டும் செய்யலாம். மூக்கு வழியே எண்டோஸ்கோப்பி மூலம் செய்தால் முகத்தில் தழும்பே இருக்காது. பெரும்பாலும் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைக்கிறது. ரொம்ப வயதாகி உடம்பு தளர்ந்தவர்களுக்குப் பையை மட்டும் எடுத்துவிடுவதுண்டு. அப்போது சீழ் நிற்கும், ஆனால் நீர் வழிவது நிற்காது. உங்கள் அம்மாவுக்கு 58தானே, டி.சி.ஆரையே கேளுங்கள். அது ஆறியதும் சில வாரத்தில் புரையை எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குள் மூக்கோரம் சிவந்து வீங்கி வலியோ காய்ச்சலோ வந்தால் அழுத்தவே கூடாது. ஒத்தடம், பத்து என்று வீட்டில் வைத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தால் ஸ்கேன் அவசியம்.

ஆபரேஷனுக்குப் போகும்போது மூக்குத்தியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகக் கசியும். அதனால் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம் ஒன்று: டாக்டர் சரி என்று சொல்லும்வரை அம்மா மூக்கைச் சிந்தக் கூடாது.