கார்சைரா முட்டைக்குத் தட்டுப்பாடு வரும் நாட்களில் கிரைசோபெர்லாவுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: தென்னையில் சுருள் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த கிரைசோபெர்லா (பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி) வளர்க்கிறேன். அதன் புழுக்களுக்கு இரையாக வைக்கும் கார்சைரா அந்துப்பூச்சியின் முட்டை கிடைக்காதபோது, அவை ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. செயற்கை உணவு கொடுத்துச் சமாளிக்கலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: தாய்ப்பூச்சிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அது இரை தின்பதில்லை. தேன், மகரந்தம், அசுவினி கழிக்கும் இனிப்பு நீர் இவைதான் அதன் சாப்பாடு. புரோட்டினெக்ஸ் (கடையில் விற்கும் புரதச்சத்து மாவு), தேன், ஃபிரக்டோஸ், ஈஸ்ட் பொடி நான்கையும் சம அளவில் எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கூண்டுக்குள் பொட்டுப் பொட்டாக வையுங்கள். ஆமணக்கு மகரந்தமும் ஈரப் பஞ்சும் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் தேனோடு நிறுத்தினால் பூச்சி உயிரோடு இருக்கும், முட்டைதான் குறைந்துபோகும்.

புழு விஷயம் அப்படியில்லை. அதற்கு மெல்லும் வாய் கிடையாது. அரிவாள் மாதிரி இரண்டு தாடைகள், உள்ளே குழாய். இரையைக் குத்தி, செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், அந்துப்பூச்சி முட்டை சுருங்கி வெறும் தோலாவது தெரியும். அதனால் உணவை மெல்லிய படலத்துக்குள் பொதிந்து தர வேண்டும். 1990களில் அமெரிக்க வேளாண் துறையில் ஆலன் கோஹன் இறைச்சி, ஈரல், முட்டை கலந்த பசையில் இந்தக் குடும்பத்துப் புழுக்களை வளர்த்துக் காட்டினார். ஆனால் நம் வெக்கையில் அந்தப் பசை சீக்கிரம் கெட்டுவிடும். சின்ன வளர்ப்பகத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, ஒன்றையொன்று தின்பதற்கு என்ன செய்வது? பசியோடு நெரிசலும் சேர்ந்துதான் இது நடக்கிறது. பொரித்த மூன்றாம் நாளே அறை அறையாகப் பிரித்த தட்டில், அறைக்கு ஒரு புழு என்று விடுங்கள். 100 புழு வளர சுமார் 4.25 சிசி கார்சைரா முட்டை வேண்டும். கையிருப்புக்கு ஏற்ற அளவு மட்டும் வளர்த்து, மிச்சத்தை முட்டையாகவே தோப்பில் விட்டுவிடுங்கள். கிரைசோபெர்லா முட்டை 10 டிகிரி செல்சியஸில் 3 வாரம் வரை தாங்கும்.

தட்டுப்பாடே வராமல் இருக்க, கார்சைராவையும் நீங்களே வளர்ப்பதுதான் வழி. ஒரு தட்டுக்கு உடைத்த கம்பு 2.5 கிலோ, நிலக்கடலைப் பருப்பு 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், கந்தகத்தூள் 5 கிராம், அதன்மேல் 0.5 சிசி கார்சைரா முட்டை. அந்து வெளிவர ஏறக்குறைய 40 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு தட்டு போட்டுக்கொண்டே இருங்கள். கிரைசோபெர்லாவுக்கு வைக்கும் முட்டையைப் புற ஊதா விளக்கில் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பொரித்து நூல் பின்னிவிடும். அப்புறம், தட்டை மூடும் காடாத் துணியில் ஓட்டை இல்லாமல் பாருங்கள். புழு ஒட்டுண்ணியான பிரக்கான் குளவி ஒன்று நுழைந்தாலும் கார்சைராப் புழு மிஞ்சாது.