புகைப்பட நூலுக்குப் போடோனி எழுத்துரு பொருந்துமா?

கேள்வி: பழைய கட்டடங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சொந்தமாகவே நூலாக வெளியிடப் போகிறேன். ஆங்கிலப் படக்குறிப்புகளைக் கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக, போடோனியில் வைக்கலாமா? பழைய எழுத்துரு என்பதால் உரிமம் வாங்கத் தேவையில்லைதானே?

பதில்: தலைப்புக்குப் போடோனி அருமை. படக்குறிப்புக்கு வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வேண்டவே வேண்டாம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் பார்மா நகரில் ஜாம்பாட்டிஸ்டா போடோனி அச்சுக்காக உலோகத்தில் வெட்டிய எழுத்துகளின் அழகே, தடித்த கோட்டுக்கும் இழை போன்ற கோட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். அடர்ந்த கறுப்புப் பக்கம் பெரும்பாலும் நான்கு மைகளால் அச்சாகும். அவற்றில் ஒன்று இம்மி விலகினாலும் அந்த வெள்ளை இழைகளுக்குள் மை புகுந்துவிடும். 8 பாயிண்ட் அளவில் தடித்த கால்கள் மட்டுமே மிஞ்சும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக வெட்டினார்கள். சிறிய அளவில் கோடு சற்றுத் தடிப்பாகவும் எழுத்து அகலமாகவும் இருக்கும். இன்றைய கணினி எழுத்துருக்கள் பலவற்றில் ஒரே வரைவுதான் எல்லா அளவுக்கும். பெரிய அளவைப் பார்த்து வரைந்தது குறிப்பு அளவில் மெலிந்துபோகிறது. போடோனியேதான் வேண்டுமென்றால், 1994இல் வந்த ஐடிசி போடோனியைப் பாருங்கள். 6, 12, 72 பாயிண்டுகளுக்கெனத் தனித்தனி வரைவுகள் அதில் உண்டு. குறிப்புகளுக்கு 6க்கான வரைவை எடுங்கள். அதையும் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பாக வையுங்கள்.

என்னைக் கேட்டால் காஸ்லன். 1720களில் லண்டனில் வில்லியம் காஸ்லன் வெட்டத் தொடங்கிய அந்த எழுத்தின் கோடுகளில் உரம் இருக்கிறது, படத்தோடு போட்டி போடாது. பாஸ்கர்வில்லும் நல்லதுதான். ஆனால் ஜான் பாஸ்கர்வில் தன் எழுத்துக்காகவே வழவழப்பான தாளையும் அடர்கறுப்பு மையையும் தேடிப்போனவர். தாளை முடிவு செய்துவிட்டு அதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, உரிமம். எழுத்தின் பழைய வடிவம் இன்று யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் நிறுவும் கணினிக் கோப்பு இன்றைய வடிவமைப்பாளரின் உழைப்பு, அதற்கு உரிமம் உண்டு. அச்சு நூலுக்கான உரிமம் மின்னூலுக்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். லிப்ரே காஸ்லன், லிப்ரே பாஸ்கர்வில், இபி காரமாண்ட் மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விற்பனை நூலிலும் பயன்படுத்தலாம். (காரமாண்ட் 16ஆம் நூற்றாண்டில் எழுத்து வெட்டிய பிரெஞ்சுக்காரர். அந்தப் பெயரைக் கண்டதும் ‘16ஆம் நூற்றாண்டு எழுத்து’ என்று நூலில் அச்சிட்டுவிடாதீர்கள். அந்தப் பெயருள்ள சில எழுத்துருக்கள் உண்மையில் 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஜானோன் வெட்டியவற்றை ஒட்டியவை என்று 1926இல் அச்சுக்கலை ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட் காட்டினார். இபி காரமாண்ட் மட்டும் தயங்காமல் போடலாம், அது காரமாண்டின் எழுத்துகளைக் காட்டும் 1592ஆம் ஆண்டு மாதிரித்தாளைப் பார்த்து வரைந்தது.)

பக்கங்களை ஜேபெக்காக அனுப்பினால் எழுத்தும் படமாகி ஓரம் மங்கிவிடும். எழுத்துரு பதித்த பிடிஎஃப்பை ஏற்கும் அச்சுச் சேவையைத் தேடுங்கள். விற்பனைக்கு விடுமுன் ஒரே ஒரு பிரதி வரவழைத்து, குறிப்புகளைப் பகல் வெளிச்சத்தில், மடியில் வைத்து வாசியுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அரை பாயிண்ட் கூட்டுங்கள்.