பிட்டத்துக்குக் கீழே விழும் கோடு: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

பிட்டமும் தொடையும் சேரும் இடத்தில் விழும் அந்த மடிப்பைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னபோது, நாலைந்து பேர் கூச்சத்தோடு கேட்பார்கள் என்று நினைத்தேன். குவிந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். நான் பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிறவன், கத்திதான் என் பிழைப்பு. ஆனாலும் இந்த மடிப்புக்காக வருபவர்களில் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாமல்தான் திருப்பி அனுப்புகிறேன்.

டாக்டர், எனக்கு 26 வயது, ஒல்லியான உடம்பு. ஆனாலும் இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறது. இந்த வயதிலேயே சுருக்கமா? ஏதாவது க்ரீம் இருக்கிறதா?

சுருக்கம் இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிக்கு முன் பக்கவாட்டில் நின்று ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வையுங்கள். அந்தப் பக்கத்துக் கோடு காணாமல் போய்விடும். காலை இறக்கி நிமிர்ந்தால் திரும்ப வந்துவிடும். முகத்தில் விழும் சுருக்கம் இப்படி வந்து போகாது.

அந்த இடத்தில் தோலுக்கு உள்பக்கமிருந்து கெட்டியான நார்கள் கிளம்பி, ஆழத்தில் தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வோடும், நாம் உட்காரும்போது தரையில் அழுந்துமே அந்த எலும்போடும் தோலைக் கட்டிப்போட்டிருக்கின்றன. மேலே உள்ள கொழுப்பு கீழே வழியாமல் நிற்பது இந்தக் கட்டால்தான். கட்டியிருக்கும் இடம் உள்ளே இழுபடுவதால் வெளியே கோடாகத் தெரிகிறது. உள்ளங்கை ரேகையை யாராவது க்ரீம் போட்டு அழிக்கப் பார்ப்பார்களா? இதுவும் அதே சாதிதான். க்ரீம் தோலின் மேல்பரப்போடு நின்றுவிடும், அந்த நார்வரை போகாது.

எட்டு மாதமாக ஸ்க்வாட், ஹிப் த்ரஸ்ட் எல்லாம் செய்கிறேன். பிட்டம் நன்றாக உருண்டு வந்திருக்கிறது, மடிப்பு மட்டும் போகவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

ஒரு தப்பும் இல்லை. பிட்டத்தின் பெரிய தசை முடிகிற இடம்தான் இந்தக் கோடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தசையின் கீழ் விளிம்பு சாய்வாக ஓடுகிறது, மடிப்பு கிடைமட்டமாக ஓடுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றனவே தவிர, ஒன்றாகப் போவதில்லை. தசை வளர்ந்தால் மேல்பகுதி நிறைவாகும். அதனால் கோடு முன்பைவிடத் துலக்கமாகத் தெரியவும் வாய்ப்பு உண்டு. பயிற்சியை விடாதீர்கள், கோட்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போட்டாக்ஸ்?

போட்டாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. இந்தக் கோட்டைப் போடுவது தசை இல்லை. பணம் மிச்சம்.

மடிப்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்காக ஒரு சதைத் திரட்சி இருக்கிறது. லைப்போசக்‌ஷனில் உறிஞ்சி எடுத்தால் மடிப்பும் சேர்ந்து போய்விடும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். செய்துகொள்ளலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியையே ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் திரட்சி வாழைப்பழத்தைப் படுக்கவைத்தது போல இருப்பதால், எங்கள் துறையில் அதற்கு வாழைப்பழம் என்றே செல்லப்பெயர். பார்த்தால் உபரிக் கொழுப்பு போலத்தான் இருக்கும். ஆனால் அது மேலே இருக்கும் பிட்டத்துக்குக் கொடுத்திருக்கும் முட்டு. முட்டுக் கொடுத்த கம்பை உருவினால் பந்தல் என்ன ஆகும்? பிட்டம் ஒரு படி கீழே இறங்கும். இறங்கிய சதை தொடைமேல் உட்காரும். பழைய கோடு வெளிப்பக்கமாக நீளும், சிலருக்கு அதற்குக் கீழே இன்னொரு கோடும் விழும். உறிஞ்சும் குழாய் அந்த நார்க்கட்டுகளையும் அறுத்துவிட்டால் இன்னும் மோசம்.

இளமையில் இந்தக் கோடு தொடையின் உள்பக்கத்தில் ஆரம்பித்துப் பாதி அகலத்திலோ சற்றுத் தள்ளியோ மங்கிவிடும். பிட்டம் தொங்கத் தொங்க அது வெளிப்பக்கம் வரை நீளும். தொய்வை நாங்கள் மதிப்பிடுவதே கோட்டின் நீளத்தைப் பார்த்துத்தான். அதாவது, கோட்டை அழிக்கப் போய் அதை நீட்டிவிட்டு வரும் சிகிச்சை இது.

வேறு இடத்தில் அந்தக் கொழுப்பை முழுக்க எடுத்துவிட்டு, பிறகு சரிசெய்யச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. உறிஞ்ச ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திருத்துவதற்குக் கொழுப்பைத் திரும்ப வைக்க வேண்டும், சில சமயம் தோலை வெட்டித் தூக்கிக் கட்ட வேண்டும், அப்படியும் பழைய வடிவம் முழுசாக வந்ததில்லை. திரட்சி நிஜமாகவே பெரிதாக இருந்தால், கோட்டை ஒட்டிய பகுதியைத் தொடாமல் கொஞ்சமே கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவு விட்டுவைப்பார் என்று சர்ஜனிடம் கேளுங்கள். எவ்வளவு எடுப்பார் என்பதை மட்டும் பெருமையாகச் சொல்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோட்டுக்குள் ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஊசி மருந்து, போட்டு மேடாக்கிவிட்டால்? தெரிந்த பியூட்டிஷியன் ஒருவர் சிலிக்கான் ஊசியே போடுகிறேன் என்கிறார்.

சிலிக்கானுக்கு என் பதில்: வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம். திரவ சிலிக்கானைப் பிட்டத்தில் ஏற்றியதால் ரத்தக் குழாய் அடைபட்டு நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. பல வருஷம் கழித்துக் கட்டிகட்டியாக வீங்கி, தோல் அழுகியும் வரும். உள்ளே போனதை முழுதாக எடுக்கவும் முடியாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

முகத்துக்குப் போடும் ஹயலுரானிக் அமில ஃபில்லர் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் பிட்டத்தை நிரப்ப அந்த நிர்வாகம் எந்த ஃபில்லருக்கும் அனுமதி கொடுத்ததில்லை. அப்புறம், கோடு உள்ளே கட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? கட்டை அவிழ்க்காமல் நிரப்பினால் மருந்து கோட்டுக்கு மேலும் கீழும் ஒதுங்கி, பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும். அவிழ்த்தாலோ பிட்டம் இறங்கும்.

நம் சொந்தக் கொழுப்பையே எடுத்துப் பிட்டத்தில் ஏற்றும் சிகிச்சையும் விளையாட்டல்ல. கொழுப்பு தசைக்குள் இருக்கும் பெரிய சிரைகளில் நுழைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் 3,000 பேரில் ஒருவர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அழகு சிகிச்சை எதிலும் கேள்விப்படாத எண்ணிக்கை இது. 2018இல் பிளாஸ்டிக் சர்ஜரி அமைப்புகள் பல சேர்ந்து, தசைக்குள் ஏற்றவே கூடாது, தோலுக்கடியோடு நிறுத்துங்கள் என்று அறிவுறுத்தின. ஒரு கோட்டுக்காக இந்த வழியில் போகாதீர்கள்.

மடிப்பும், பிட்டத்தில் தெரியும் குழிகுழியான தோலும் ஒன்றா? குழிக்குப் போடும் ஊசி மடிப்புக்கும் கேட்குமா?

இரண்டிலும் தோலை நார் இழுக்கிறது, ஒற்றுமை அவ்வளவுதான். குழிகளில் இருப்பவை சின்னச்சின்ன நார்கள். அவற்றை ஊசியால் அறுத்துவிடும் முறை உண்டு, சிலருக்குப் பலனும் தருகிறது. நாரைக் கரைக்கும் ஊசி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. ரத்தக்கட்டும் நிறமாற்றமும் அதிகம் என்ற புகாருக்குப் பிறகு, 2022 கடைசியில் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. இவை எதையும் மடிப்பில் செய்யக் கூடாது. அந்த நார் அறுந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

45 கிலோ எடை குறைத்தேன். இப்போது பின்பக்கம் தோல் காலியாகத் தொங்குகிறது, மடிப்புக்குமேல் மடிப்பு. வியர்வையில் புண்ணாகிறது. எனக்கும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வீர்களா?

இல்லை. முதலில் கைகொடுங்கள், 45 கிலோ சாதாரண விஷயம் இல்லை. உங்களுக்கு அறுவை சிகிச்சை நியாயமானது. உங்கள் பிரச்சினை மிஞ்சிய தோல், இயற்கையான கோடு இல்லை. பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி வெட்டிப் பிட்டத்தை மேலே தூக்கிக் கட்டுவோம். சிலருக்குப் பிட்டத்தின் அடியில் மிச்சத்தோலை எடுத்து, தையலை அந்தக் கோட்டிலேயே ஒளித்துவிடுவோம். அப்போதும் நார்க்கட்டை ஆழத்தோடு சேர்த்துத் தைத்து ஒரு கோட்டை நாங்களே உண்டாக்குவோம். கோடு இல்லாத பிட்டம் தொடையின் நீட்சி போலத் தட்டையாக, விசித்திரமாக இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு மார்பைத் திரும்ப உருவாக்க, தொடையின் பின்பக்க மேல்பகுதியிலிருந்து திசுவை எடுக்கும் முறை ஒன்று உண்டு. அந்தத் தழும்பை ஒளிக்க நாங்கள் தேடுவதும் இதே கோட்டைத்தான். நீங்கள் எல்லாரும் அழிக்க நினைக்கும் இடம் எங்களுக்குப் பொக்கிஷம்.

எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும். புகைபிடித்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கோட்டில் தையல் இருந்தால் உட்காருவதும் குனிவதும் அதை இழுக்கும். தையல் பிரிவதுதான் இங்கே அடிக்கடி வரும் தொல்லை. வேலையிலிருந்து எத்தனை வாரம் விடுப்பு எடுக்க முடியும் என்று முதலில் பாருங்கள், தேதியை அப்புறம் குறிக்கலாம்.

வலது பக்கக் கோடு இடதைவிடக் கீழே இருக்கிறது. இரண்டையும் சமமாக்க முடியுமா?

எப்போதிலிருந்து என்பதுதான் என் கேள்வி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றால், கால்களின் நீளத்திலோ முதுகெலும்பிலோ லேசான வித்தியாசம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சமீபத்தில்தான் இறங்கியது, கூடவே இடுப்பிலிருந்து கால்வரை வலி, பாதத்தின் வெளியோரம் மரத்துப்போவது, அந்தக் காலின் நுனியில் நிற்க முடியாமை என்று ஏதாவது இருந்தால், முதுகெலும்பு அடியில் நரம்பு அழுந்தியிருக்கலாம். பிட்டத் தசை பலமிழந்தால் கோடு இறங்கும். அப்போது போக வேண்டியது நரம்பு அல்லது எலும்பு மருத்துவரிடம், அழகு கிளினிக்குக்கு இல்லை. சிறுநீர் வருவது தெரியவில்லை, அடக்க முடியவில்லை, இரு கால்களுக்கு நடுவே உணர்ச்சி இல்லை என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

என் மூன்று மாதக் குழந்தைக்குத் தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பயமாக இருக்கிறது டாக்டர்.

நல்ல குழந்தைகளிலும் இது நிறையப் பேருக்கு உண்டு அம்மா. ஆனால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருப்பதற்கும் இது ஒரு அறிகுறி. அதனால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இடுப்பை விரித்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இந்த வயதில் கண்டுபிடித்தால் பட்டை கட்டியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

மடிப்பு கறுத்து, அரிக்கிறது. கடையில் வாங்கிய க்ரீம் போட்டால் குறைகிறது, நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது.

அந்த க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கி, பூஞ்சைக்குச் சோறு போடும். மடிப்பில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும், அந்த வரி போகாது. தோல் மருத்துவரைப் பாருங்கள். அரிப்பே இல்லாமல் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால், குறிப்பாகக் கழுத்திலும் அக்குளிலும் இருந்தால், சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். வலியோடு கட்டிகள் வந்து உடைந்து திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு நோய், சீக்கிரம் காட்ட வேண்டும்.

மூன்று டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் தெரிகிறது. நீச்சலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தினம் கண்ணாடி முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது.

நீங்கள் படும் வேதனை நிஜம். அதை நான் சின்னதாக்கப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரம், நிறுத்திவிட்ட நீச்சல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் கத்தியை எடுக்க மாட்டேன். தோற்றத்தைப் பற்றிய எண்ணம் மனதைப் பிடித்துக்கொண்டு விடாத நிலை ஒன்று உண்டு. ஐம்பதில் ஒருவருக்கு இருக்கலாம், அழகு கிளினிக்குக்கு வருபவர்களில் இன்னும் அதிகம். அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தால் நிம்மதி வருவதில்லை, கவலை அடுத்த இடத்துக்கு மாறிக்கொள்கிறது. இதற்கென்று பேச்சு சிகிச்சையும் மாத்திரைகளும் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு மனநல மருத்துவரிடம், இங்கே எழுதிய இதே நான்கு வரியைக் காட்டினால் போதும்.

அடுத்த வாரம் லைப்போசக்‌ஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முன்பணமும் கட்டிவிட்டேன். இதையெல்லாம் படித்ததும் குழப்பமாக இருக்கிறது. என்ன செய்ய?

முன்பணம் போனால் போகட்டும். தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு சர்ஜனை நேரில் பாருங்கள், ஆலோசகரை அல்ல. கோட்டை ஒட்டிய கொழுப்பைத் தொடப்போகிறாரா, பிட்டம் இறங்கினால் யார் எப்படிச் சரிசெய்வார்கள், இதே இடத்தில் செய்த ஒருவரின் ஒரு வருஷத்துக்குப் பிந்தைய படம் இருக்கிறதா என்று கேளுங்கள். படம் பார்க்கும்போது வெளிச்சத்தைக் கவனியுங்கள். மேலேயிருந்து விளக்கு அடித்தால் கோடு பள்ளமாகத் தெரியும், நேரே அடித்தால் பாதி மறைந்துவிடும். முன் படத்துக்கு ஒரு விளக்கு, பின் படத்துக்கு ஒரு விளக்கு என்றால் அங்கே சிகிச்சை பெற்றது விளக்குதான்.