வான்கோழி எரு: கொழிஞ்சாம்பாறைக் கரிசலுக்கு அமெரிக்கக் கணக்கு ஒத்துவருமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல். தென்னை, ஊடே கடலை. ஒத்தப்பாலம் பக்கம் மாமனார் கொடுத்த ஒன்றரை ஏக்கர் வெட்டுக்கல் மண் தோப்பும் இருக்கிறது. பக்கத்தில் வான்கோழி வளர்ப்பவர் ஷெட்டைக் காலி செய்யும்போது எரு தருகிறேன் என்கிறார். அமெரிக்காவில் ஏக்கருக்கு 3 டன் போடுவதாக மகன் படித்துச் சொன்னான். அப்பா காலத்தில் ஆட்டுப் பட்டி போட்டதோடு சரி. எவ்வளவு போடலாம்?

பதில்: எருவை விடாதீர்கள், வாங்கிப் போடுங்கள். அந்த 3 டன்னை மட்டும் மறந்துவிடுங்கள்.

முதலில் அவர்கள் டன் நம் டன் இல்லை. அங்கே ஒரு டன் என்றால் 907 கிலோ. அடுத்து, அவர்கள் பெரும்பாலும் போடுவது மக்காச்சோளத்துக்கு; தழைச்சத்தை (நைட்ரஜனை) அள்ளி விழுங்குகிற பயிர் அது. மூன்றாவதுதான் பலரும் சறுக்குகிற இடம். பாஸ்பரஸைத் தனிமமாகக் குறித்திருந்தால், நம் உர மூட்டையில் போட்டிருக்கும் மணிச்சத்துக் (P2O5) கணக்குக்குக் கொண்டுவர 2.29 ஆல் பெருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் இரண்டு ஊர் அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

உங்கள் மரத்துக்கு வருவோம். காய்ந்த கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 2.6, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 1.4. வான்கோழி எருவும் ஏறக்குறைய இதே கணக்குதான். காய்க்கிற தென்னைக்குக் கேரளத்தில் சொல்லும் பொதுப் பரிந்துரை, வருஷத்துக்குத் தழை 500 கிராம், மணி 320, சாம்பல் 1,200. மரத்துக்கு 10 கிலோ எரு வைத்தால் தழை 300 கிராம், மணி 260, சாம்பல் 140 போய்ச் சேரும். மணிச்சத்து கிட்டத்தட்ட முடிந்தது. சாம்பல்சத்தோ தொடங்கவே இல்லை. மூட்டையில் வரும் பொட்டாஷ் உரம் இன்னும் ஒன்றே முக்கால் கிலோவை ஒட்டி வேண்டும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 700 கிலோ எருவில் வேலை முடிகிறது. மகன் சொன்ன 3 டன்னைப் போட்டால் மரத்துக்கு 39 கிலோ விழும். மணிச்சத்து ஒரு கிலோவைத் தாண்டும், தேவைக்கு மூன்று மடங்கு.

தழைச்சத்து காற்றிலும் தண்ணீரிலும் போய்விடும். மணிச்சத்து மண்ணிலேயே உட்கார்ந்துகொள்ளும். வருஷா வருஷம் போட்டால் வருஷா வருஷம் ஏறும். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் மாவட்டம் வான்கோழிக்குப் பேர்போனது. பண்ணையை ஒட்டிய அதே நிலங்களில் பல காலம் எருவைக் கொட்டியதில் மிஞ்சிய மணிச்சத்து ஓடைகள் வழியே செசபீக் விரிகுடா வரை போனது. மின்னசோட்டாவில் பென்சன் என்ற ஊரில் வான்கோழிக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்க 2007இல் 55 மெகாவாட் நிலையமே கட்டினார்கள்; 2018இல் மூடிவிட்டார்கள். நாம் ஒரு லோடுக்கு அலைகிறோம், அவர்கள் எரித்துத் தீர்க்கப் பார்த்தார்கள்.

எருவும் காலத்தோடு மாறியிருக்கிறது. பிரிட்டனின் உர வழிகாட்டியில் 60 சதவீதம் உலர்ந்த கறிக்கோழி, வான்கோழி எருவுக்கு டன்னுக்கு 25 கிலோ மணிச்சத்து என்று 2010இல் இருந்தது. 2017 பதிப்பில் அதே உலர்வில் கோழி எரு எல்லாவற்றுக்குமாக 17. தீவனத்திலுள்ள மணிச்சத்தைச் செரிக்க உதவும் பைட்டேஸ் நொதியைச் சேர்க்க ஆரம்பித்த பிறகு எச்சத்தில் மணிச்சத்து குறைவது தெரிந்த விஷயம். அமெரிக்காவில் வான்கோழிக்குக் கொடுத்த நைட்டார்சோன் என்ற ஆர்சனிக் மருந்தும் 2015 கடைசியோடு நின்றது. ஆகவே பழைய அட்டவணையைக் கையில் எடுத்தால் ஆண்டைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இனி உங்கள் இரண்டு மண். கரிசலில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மை. எருவை மேலாகத் தூவிவிட்டால் மார்கழி, தை மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அம்மோனியா பறந்துவிடும். மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் காசு. வட்டப் பாத்தியில் போட்டு அன்றைக்கே மண்ணைத் தள்ளி மூடுங்கள். மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காது. கரிசலில் கடலை வெளிறி மஞ்சளாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை இது இன்னும் கூட்டும். தழை மிஞ்சினால் கொடி ஓடும், காய் இறங்காது. கடலைக்கென்று தனியாக இந்த எரு வேண்டாம்.

ஒத்தப்பாலத்து வெட்டுக்கல் மண் புளிப்பு மண். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அங்கே எருவுக்கு வரவேற்பு அதிகம். அங்கே எதிரி மழை. இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் மொத்தமாகப் போட்டால் பாதி பாரதப்புழைக்குத்தான். மழை தணிந்த ஆவணியில் பாதி, மீதியை ஐப்பசியில் வையுங்கள்.

பச்சையாக மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள். வேலந்தாவளம் பக்கம் ஒரு தோப்பில் ஷெட்டிலிருந்து நேராக அள்ளித் தூரை ஒட்டிக் குவித்து, மேலே தண்ணீரும் விட்டிருந்தார்கள். கையை உள்ளே விட்டேன், சூடு தாங்கவில்லை. தோண்டிப் பார்த்தால் புது வேர்கள் பழுப்பேறி, விரலில் நசுங்கின. எருவோடு தென்னை நார்க்கழிவையோ காய்ந்த சருகையோ கலந்து, நனைத்து, நிழலில் குவித்து, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு மாதத்தில் சூடு அடங்கும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நெடி போய் மண்வாசனை வந்தால் தயார்.

பேரம் பேசும் முன் ஷெட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கீழே போட்டது உமியா மரத்தூளா? அதன்மேல் எத்தனை மாதம் வளர்த்தார்? வான்கோழி கறிக்கோழி மாதிரி ஆறு வாரத்தில் போவதில்லை, நாலைந்து மாதம் நிற்கும். அதே படுக்கை அதுவரை இருந்தால் எச்சம் கூடுதல், உமி குறைவு. பிற்பாடு நீங்களும் தோப்பில் வான்கோழி விடுகிற எண்ணம் இருந்தால் நாட்டுக்கோழி எருவை அங்கே கொண்டுவராதீர்கள். கோழியின் குடற்புழு முட்டை வழியே வரும் கருந்தலை நோய் மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். கோழி தாங்கும், வான்கோழி தாங்காது.